சின்ன போர்டில் மெஷின் லேர்னிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிணற்று மோட்டாரின் அதிர்வைக் கேட்டு, பேரிங் கெடுவதை முன்கூட்டியே சொல்லும் ஒரு சின்னக் கருவியை இரண்டு வருடமாகச் செய்துபார்த்து வருகிறேன். வாரக் கடைசியில் பாலிடெக்னிக் மாணவர்கள் சிலருக்கு இதையே சொல்லிக்கொடுக்கிறேன். மாணவர்கள் கேட்பதும், மோட்டார் வைத்திருக்கும் தோட்டக்காரர்கள் கேட்பதும் பெரும்பாலும் அதே சில கேள்விகள்தான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எட்ஜ், எட்ஜ் என்கிறார்களே, அது எந்த இடம்?

சென்சார் இருக்கும் இடம். மைக், கேமரா, அதிர்வு சென்சார் எதுவானாலும், அது தரும் எண்களை எங்கோ தூரத்தில் இருக்கும் சர்வருக்கு அனுப்பாமல் பக்கத்திலேயே கணக்குப் போட்டு, விடையை மட்டும் வெளியே சொல்வதுதான் எட்ஜ் கணிப்பு.

இதில் இரண்டு வகை உண்டு. ராஸ்பெரி பை போல லினக்ஸ் ஓடும் போர்டுகள் ஒரு வகை. அவற்றுக்கு நூற்றுக்கணக்கான எம்.பி. மெமரி இருக்கும், சில வாட் மின்சாரம் போகும். இன்னொரு வகை மைக்ரோகன்ட்ரோலர். அதில் வழக்கமான ஆப்பரேட்டிங் சிஸ்டம் கிடையாது, மெமரி சில நூறு கே.பி.தான், மின்சாரம் மில்லிவாட் கணக்கில். இந்த இரண்டாவது வகையில் மாடலை, அதாவது டேட்டாவைப் பார்த்துப் பழகிய கணக்கு முறையை, ஓட்டுவதை டைனிஎம்.எல். என்கிறார்கள். நான் இங்கே அதிகம் பேசப்போவது அதைப் பற்றித்தான்.

இது நேற்று வந்த விஷயமும் இல்லை. போனில் "ஓகே கூகுள்" என்ற சொல்லைக் கண்டுபிடிக்க, 2014 வாக்கிலேயே வெறும் 14 கே.பி. அளவுள்ள நியூரல் நெட்வொர்க் (அடுக்கடுக்காகப் பெருக்கிக் கூட்டும் ஒரு வகை மாடல்) பயன்பட்டிருக்கிறது. ஒரு சின்ன போட்டோகூட அதைவிடப் பெரியது.

எதற்கு இந்தப் பாடு? டேட்டாவை சர்வருக்கு அனுப்பிவிட்டால் ஆகாதா?

என் மோட்டார் கணக்கையே சொல்கிறேன். அதிர்வு சென்சார் மூன்று திசையில், ஒரு நொடிக்கு 3200 முறை, ஒவ்வொன்றும் 2 பைட்டாக அளக்கிறது. நொடிக்கு 19,200 பைட். மோட்டார் நாள் முழுக்க ஓடினால் சுமார் 1.66 ஜி.பி. ஆகிவிடும். இத்தனையும் அனுப்பினால் கடைசியில் கிடைக்கும் பதில் "நன்றாக இருக்கிறது" அல்லது "பார்க்க வேண்டும்" என்ற ஒரே ஒரு பைட். அந்த ஒரு பைட்டை அங்கேயே கண்டுபிடித்து அனுப்புவது எவ்வளவு எளிது!

மின்சாரம் அடுத்த காரணம். ஈ.எஸ்.பி.32 என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப் வைஃபையில் அனுப்பும் நேரத்தில் உச்சமாக 240 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். ரேடியோவை அணைத்துவிட்டுக் கணக்கு மட்டும் போட்டால் அதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆவதில்லை. அதோடு, மோட்டார் ரூமில் பெரும்பாலும் வைஃபையே இருக்காது. அங்கே சரியாக வருவது லோரா என்ற ரேடியோ முறை. நம் நாட்டில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை அதற்கு உரிமம் வேண்டியதில்லை, தூரமும் போகும். ஆனால் ஒரு தடவைக்குச் சில பத்து பைட் அனுப்பத்தான் அது ஏற்றது. விடையை அனுப்பலாம், மூல டேட்டாவை அனுப்ப முடியாது.

மைக் வைக்கும் வேலைகளில் இன்னொரு காரணமும் சேர்கிறது. வீட்டில் பேசுவது வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. ஒலி போர்டிலேயே கணக்காகி அழிந்துபோனால், யாரிடமும் போய்ச் சேர அங்கே எதுவும் மிச்சம் இருக்காது. இதை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

எந்த போர்டு வாங்கலாம்?

கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறதோ அதில் தொடங்குங்கள். ஒன்றும் இல்லை என்றால் ஈ.எஸ்.பி.32. ஐந்நூறு ரூபாய் அளவில் கிடைக்கும், 240 மெகாஹெர்ட்ஸ், இரண்டு கோர், 520 கே.பி. ராம். புதிதாக வாங்குபவர்கள் எஸ்3 வகையைப் பார்த்து வாங்குங்கள். நியூரல் நெட்வொர்க் கணக்குக்கு உதவும் வெக்டர் கட்டளைகள் அதில் உண்டு.

ஆர்டுயினோ நேனோ 33 பி.எல்.இ. சென்ஸ் போர்டில் மைக்கும் அசைவு சென்சாரும் போர்டிலேயே இருக்கின்றன. 64 மெகாஹெர்ட்ஸ் கார்டெக்ஸ் எம்4, 256 கே.பி. ராம், 1 எம்.பி. ஃபிளாஷ் (கரண்ட் போனாலும் அழியாத மெமரி). பல பாடங்கள் இதை வைத்தே எழுதப்பட்டிருப்பதால் கற்றுக்கொள்ள வசதி. விலைதான் பல மடங்கு. வகுப்புக்கு ஒன்று போதும், மாணவர்கள் ஆளுக்கொன்று வாங்கத் தேவையில்லை.

ராஸ்பெரி பை பைக்கோவின் முதல் வடிவத்தில் (2021) 264 கே.பி. ராம் இருந்தாலும் அதன் எம்0 பிளஸ் கோருக்குத் தசமக் கணக்குப் போடும் தனிப் பகுதி இல்லை. சின்ன மாடல் ஓடும், மெதுவாகத்தான். 2024-இல் வந்த பைக்கோ 2 அந்தக் குறையைத் தீர்த்துவிட்டது. எம்33 கோர், 520 கே.பி. ராம்.

கேமராவில் வீடியோவாகவே பார்த்து ஆளையோ வண்டியையோ எண்ண வேண்டும் என்றால் மைக்ரோகன்ட்ரோலரை விட்டுவிட்டு ராஸ்பெரி பை 5-க்குப் போங்கள். வேகம் போதாவிட்டால் அதோடு ஹைலோ 8எல் சிப் சேர்க்கலாம், நொடிக்கு 13 லட்சம் கோடி கணக்கு போடும் என்று அதன் அளவு. அந்த அமைப்புக்குச் சுவரிலிருந்து நிலையான மின்சாரம் வேண்டும். பேட்டரியில் காட்டுக்குள் வைத்துவிட்டு வரும் பொருள் இல்லை அது.

256 கே.பி.யில் நியூரல் நெட்வொர்க் எப்படி அடங்குகிறது?

எண்களைச் சுருக்கி எழுதுவதால். லேப்டாப்பில் பயிற்சி செய்யும்போது மாடலின் ஒவ்வொரு எடையும் (பயிற்சியில் அது கற்றுக்கொண்ட, பெருக்கப் பயன்படும் எண்) 32 பிட் தசம எண். போர்டுக்கு ஏற்றும்முன் அதை 8 பிட் முழு எண்ணாக மாற்றுகிறோம். அளவு உடனே நாலில் ஒன்றாகிவிடும். இதற்குக் குவான்டைசேஷன் என்று பெயர்.

ஒரு எடுத்துக்காட்டு போட்டுப் பார்க்கலாம். ஒரு அடுக்கில் எடைகள் மைனஸ் 1.2 முதல் பிளஸ் 1.2 வரை இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.2-ஐ 127-ஆல் வகுத்தால் 0.00945. இதுதான் நம் படி. 0.5 என்ற எடையை இந்தப் படியால் வகுத்தால் 52.9, அதாவது 53. போர்டில் 53 என்று மட்டும் எழுதி வைக்கிறோம். திரும்பப் பெருக்கினால் 0.5008. பிழை 0.001-க்கும் கீழே. ஆயிரக்கணக்கான எடைகளில் இப்படிக் கொஞ்சம் கூடியும் குறைந்தும் வரும் பிழைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும். மாடலின் துல்லியம் பொதுவாக மிகக் கொஞ்சமே இறங்கும்.

மெமரியோடு மின்சாரமும் இதில் மிச்சமாகிறது. ஸ்டான்ஃபோர்டின் மார்க் ஹொரோவிட்ஸ் 2014-இல் 45 நானோமீட்டர் சிப்புக்குக் கொடுத்த கணக்கு இன்றும் பாடமாக இருக்கிறது. ஒரு 32 பிட் தசமப் பெருக்கலுக்கு 3.7 பிக்கோஜூல், 8 பிட் முழு எண் பெருக்கலுக்கு 0.2. வெளி மெமரியிலிருந்து ஒரே ஒரு 32 பிட் எண்ணை எடுத்துவரவோ 640 பிக்கோஜூல்! பெருக்குவதைவிட எண்ணைத் தூக்கிக்கொண்டு வருவதுதான் செலவு. முழு மாடலும் சிப்புக்குள்ளேயே அடங்கினால் பேட்டரி நீடிப்பது இதனால்தான்.

மாடல் 80 கே.பி.தான், ராம் 256 கே.பி. இருக்கிறது. அப்புறமும் மெமரி போதவில்லை என்று ஏன் வருகிறது?

மாடலின் எடைகள் உட்காருவது ஃபிளாஷில். ராமைத் தின்பது, அடுக்குகளுக்கு நடுவே ஓடும் இடைக்கால எண்கள். மைக்ரோகன்ட்ரோலரில் மாடலை ஓட்டும் நிரலான டென்சர்ஃபுளோ லைட் மைக்ரோவில் இதற்கென்று முன்கூட்டியே ஒதுக்கும் இடத்துக்கு அரீனா என்று பெயர். (டென்சர்ஃபுளோ லைட்டின் பெயர் 2024-இல் லைட்ஆர்டி என்று மாறியது. பழைய பாடங்களில் பழைய பெயரே இருக்கும், குழம்ப வேண்டாம்.) அரீனாவை முதலில் தாராளமாக ஒதுக்கி ஓடவிடுங்கள், எவ்வளவு பயன்பட்டது என்று நிரலிடமே கேளுங்கள், பிறகு குறைத்துக்கொள்ளுங்கள்.

படங்களில் முதல் ஒன்றிரண்டு அடுக்குதான் மெமரியை விழுங்கும். உள்ளே கொடுக்கும் படத்தைச் சின்னதாக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பயிற்சியும் போர்டிலேயே நடக்குமா?

நடக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி லேப்டாப்பில் அல்லது கூகுள் கோலாப் என்ற இணையதளத்தில், போர்டில் ஓடுவது முடிந்த மாடல். போர்டிலேயே சிறிதளவு கற்றுக்கொள்ள வைக்கும் ஆராய்ச்சிகள் உண்டு. முதல் திட்டத்துக்கு அது வேண்டாம்.

ஒரு முழு உதாரணம் சொல்ல முடியுமா?

மோட்டாரையே எடுத்துக்கொள்ளலாம். இதில் நான் இடறிய இடங்கள் எல்லாம் எனக்குத் தெரியும்.

முதலில் எந்த மோட்டார் என்று பார்க்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்றில் இறக்கியிருக்கும் சப்மெர்சிபிள் என்றால் மோட்டார் பூமிக்குள் இருக்கிறது, சென்சாரை அதன் மேல் ஒட்ட வழியில்லை. நான் எடுத்தது மேலே உட்கார்ந்திருக்கும் மோனோபிளாக். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இரண்டு துருவ மோட்டார் நிமிடத்துக்கு 3000-க்குக் கொஞ்சம் குறைவாக, 2880 சுற்று அளவில் சுற்றும். நொடிக்கு 48 சுற்று. அதனால் அதிர்வின் வரைபடத்தில் 48 ஹெர்ட்ஸில் எப்போதும் ஒரு மேடு நிற்கும். இம்பெல்லரின் (தண்ணீரைத் தள்ளும் சக்கரத்தின்) எடை ஒரு பக்கம் சாய்ந்தால் அந்த மேடு உயரும். ஷாஃப்ட் நேர்கோட்டில் இல்லையென்றால் 96-இல் இன்னொரு மேடு எழும். பேரிங்கின் குண்டு ஓடும் தடத்தில் பள்ளம் விழுந்தால், சுற்றின் முழு மடங்காக இல்லாத இடங்களில், மேலே நூற்றுக்கணக்கான ஹெர்ட்ஸில் புது மேடுகள் முளைக்கும். அனுபவமுள்ள மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரின் நுனியை மோட்டாரில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பது இதைத்தான். போர்டுக்கும் அதே வேலையைத்தான் கொடுக்கிறோம்.

சென்சார் ஏ.டி.எக்ஸ்.எல்.345. நொடிக்கு 3200 முறை அளக்கும், ஆகவே 1600 ஹெர்ட்ஸ் வரை பார்க்க முடியும். இங்கே பலர் சறுக்குகிறார்கள். அதை ஐ2சி கம்பியில் இணைத்தால் 800-க்கு மேல் போகாது. எஸ்.பி.ஐ. வழியாக இணைத்தால்தான் 3200 கிடைக்கும்.

1024 அளவுகளை, அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு நொடியை எடுத்து, ஃபூரியே மாற்றம் (எந்த அதிர்வெண் எவ்வளவு பலம் என்று பிரிக்கும் கணக்கு) செய்தால் 512 அதிர்வெண் கட்டங்கள் கிடைக்கும். எட்டு எட்டாகச் சேர்த்து 64 எண்களாக்குகிறேன். மாடலுக்குள் போவது இந்த 64 எண்கள்தான். இந்தச் சுருக்கத்தை நாமே செய்துகொடுப்பதால்தான் மாடல் இவ்வளவு சின்னதாக இருக்க முடிகிறது.

மாடல் ஆட்டோஎன்கோடர் வகை. கெட்டுப்போன மோட்டாரின் டேட்டா நம்மிடம் கிடையாது, ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரை அதற்காகக் கெடுக்கவும் முடியாது. அதனால் நல்ல நிலையில் உள்ள டேட்டாவை மட்டும் கொடுத்துப் பழக்குகிறோம். 64 எண்களை 16 ஆக்கி, அதை 4 ஆக்கி, அந்த நாலிலிருந்து மறுபடி 16, மறுபடி 64 என்று விரிக்கச் சொல்கிறோம். பழகிய ஓசை வந்தால் நன்றாக விரிக்கும். பழகாத ஓசை வந்தால் தப்பாக விரிக்கும். அந்தத் தப்பின் அளவுதான் நமக்கு எச்சரிக்கை. எடைகளை எண்ணினால் மொத்தம் 2276. 8 பிட்டில் எழுதினால் இரண்டேகால் கே.பி. ஈ.எஸ்.பி.32-க்கு இது ஒரு சுமையே இல்லை.

இனி இடறிய கதை. முதல் முறை சென்சாரை இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டினேன். மூன்று நாள் அருமையாக ஓடியது. நாலாம் நாளிலிருந்து எச்சரிக்கை மேல் எச்சரிக்கை. மோட்டாரைப் பிரித்துப் பார்த்தோம், பேரிங் புதிது போல இருந்தது. தோட்டக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் ஒரு நாள் தண்ணீர் பாய்ச்சல் போயிற்று, அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. மோட்டார் சூட்டில் டேப்பின் பசை இளகி, சென்சாரே தனியாக ஆடியிருக்கிறது. அதன்பின் மோட்டார் உடலில் இருக்கும் போல்ட்டோடு சேர்த்து இறுக்கும் ஒரு இரும்புத் தகட்டில் சென்சாரை வைத்தேன். மாடலில் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. எச்சரிக்கைகள் நின்றன.

அடுத்து வோல்டேஜ். மின்னழுத்தம் குறையும் நேரத்தில் மோட்டாரின் சுற்று கொஞ்சம் இறங்கும், மேடுகள் எல்லாம் சற்று இடம் பெயரும். கிணற்றில் தண்ணீர் மட்டம் மாறினாலும் சத்தம் மாறும். மழைக்காலத்தில் எடுத்த டேட்டாவில் மட்டும் பழகிய மாடல் சித்திரையில் அலறும். ஆகவே காலையிலும், ராத்திரியிலும், மட்டம் நிறைந்தும், குறைந்தும் டேட்டா எடுக்க வேண்டும். இந்த வேலையில் நான் செலவழித்த நேரத்தில் பெரும்பங்கு இதற்குத்தான் போயிற்று. மாடல் எழுதியது ஒரு மாலை வேலை.

டெஸ்டில் 98 சதவீதம் காட்டியது. தோட்டத்தில் வைத்தால் சொதப்புகிறதே?

இரண்டு காரணம் இருக்கலாம்.

ஒன்று, டெஸ்டே சரியாக இருந்திருக்காது. ஒரே பதிவைத் துண்டு துண்டாக வெட்டி, குலுக்கி, ஒரு பகுதியைப் பயிற்சிக்கும் ஒரு பகுதியைச் சோதனைக்கும் கொடுத்தால், அடுத்தடுத்த இரண்டு நொடிகள் இரண்டு பக்கமும் போய் விழும். அவை கிட்டத்தட்ட ஒன்றேதான். மாடல் ஏற்கெனவே பார்த்த கேள்வியையே தேர்வில் கேட்ட மாதிரி. நாள்வாரியாகப் பிரியுங்கள். திங்கள் முதல் வியாழன் வரை பயிற்சிக்கு, வெள்ளிக்கிழமைப் பதிவு சோதனைக்கு. எண் சடாரென்று கீழே இறங்கும். அந்த இறங்கிய எண்தான் உண்மை.

இன்னொன்று, சதவீதம் ஏமாற்றும். ஒலியைக் கேட்கும் கருவி நொடிக்கு ஒரு முறை முடிவு சொன்னால் ஒரு நாளைக்கு 86,400 முடிவு. நூற்றுக்கு ஒன்று தப்பு என்றால் நாளைக்கு 864 பொய் எச்சரிக்கை. இரண்டாம் நாளே வீட்டில் யாராவது ஒயரைப் பிடுங்கிவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான் செய்வது, நிமிடத்துக்கு ஒரு முறை மட்டும் பார்ப்பது, தொடர்ந்து ஐந்து முறை தப்பாக வந்தால்தான் எச்சரிப்பது. கணக்குப்படி இது பொய் எச்சரிக்கையை அறவே ஒழிக்க வேண்டும். நடப்பில் அப்படி ஆகாது, பக்கத்தில் டிராக்டர் நின்று உறுமினால் ஐந்து முறையும் சேர்ந்தே தப்பாகும். இருந்தாலும் பெரிய அளவு குறையும்.

பேட்டரி எத்தனை நாள் தாங்கும்?

2500 மில்லிஆம்பியர் மணி கொள்ளும் ஒரு 18650 லித்தியம் பேட்டரியை வைத்துக் கணக்குப் போடலாம். ஈ.எஸ்.பி.32 ரேடியோ இல்லாமல் விழித்திருக்கும்போது 50 மில்லிஆம்பியர் என்று கொள்வோம். எப்போதும் விழித்தே இருந்தால் 50 மணி நேரம். இரண்டு நாள்தான்.

நிமிடத்துக்கு 2 நொடி மட்டும் விழிக்க வைத்தால் சராசரி 1.67 மில்லிஆம்பியர். இரண்டு மாதம் வரும். ஆழ்ந்த தூக்கத்தில் சிப் இழுப்பது 10 மைக்ரோஆம்பியர் அளவுதான், கணக்கில் சேர்க்கக்கூடத் தேவையில்லை.

ஆனால் கடையில் வாங்கும் டெவலப்மென்ட் போர்டில் சிப் தூங்கினாலும், யு.எஸ்.பி. சிப்பும் ரெகுலேட்டரும் சிவப்பு விளக்கும் தூங்காது. அவை சேர்ந்து 5 மில்லிஆம்பியர் எடுத்தால், அதே இரண்டு மாதம் 16 நாளாகச் சுருங்கிவிடும். மாடலைச் சுருக்க வாரக்கணக்கில் உழைப்பவர்கள் இந்த விளக்கைப் பிடுங்க மறந்துவிடுகிறார்கள். மல்டிமீட்டரை வரிசையில் போட்டு, தூக்கத்தில் எவ்வளவு போகிறது என்று முதலில் அளந்து பாருங்கள்.

அதே பேட்டரியில் பை 5? சும்மா இருக்கும்போதே 3 வாட் அளவில் எடுக்கும். மூன்று மணி நேரம்.

தமிழ்ச் சொல்லைப் புரிந்துகொள்ள வைக்கலாமா?

தாராளமாக. முழுப் பேச்சை எழுத்தாக்குவது மைக்ரோகன்ட்ரோலரால் ஆகாது. இரண்டு மூன்று சொற்களை அடையாளம் காண்பது ஆகும்.

இதன் உள்வேலை எந்த மொழிக்கும் ஒன்றுதான். ஒரு நொடி ஒலி 16,000 அளவுகள், 32,000 பைட். அதை 30 மில்லிநொடித் துண்டுகளாக, 20 மில்லிநொடி நகர்த்தி நகர்த்தி எடுத்து, ஒவ்வொரு துண்டிலும் 40 அதிர்வெண் பட்டைகளின் பலத்தை எழுதினால் 49-க்கு 40 என்ற சின்னப் படம் கிடைக்கும். 1960 பைட்தான். டென்சர்ஃபுளோ தரும் மாதிரி நிரல் இதே அளவில் "யெஸ்", "நோ" என்ற இரண்டு சொல்லையும் 20 கே.பி. அளவுள்ள மாடலில் பிரித்துச் சொல்லும்.

சிக்கல் டேட்டாவில். ஆங்கிலத்துக்கு ஸ்பீச் கமாண்ட்ஸ் என்று 35 சொற்களின் 1,05,829 பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நமக்கு வேண்டிய சொல்லை நாம்தான் பதிவு செய்ய வேண்டும். "இது அந்தச் சொல் இல்லை" என்று மாடலுக்குக் காட்டும் பொதுப் பேச்சுக்கு மொசில்லா காமன் வாய்ஸில் உள்ள தமிழ்ப் பதிவுகள் மிகவும் உதவும்.

சொல்லைத் தேர்வதில் நம் மொழிக்கென்று ஒரு கவனம் வேண்டும். தமிழில் மறுப்பு சொல்லின் வாலில் வருகிறது. "நிறுத்து" என்று பழக்கினால் "நிறுத்தாதே" என்பதன் முதல் பாதியைக் கேட்டே மோட்டார் நின்றுவிடலாம். "போடு", "போடாதே" இரண்டும் அப்படித்தான். "சரி" என்பது பேச்சில் நொடிக்கொரு தரம் வரும், ஆகாது. நான் மாணவர்களுக்குச் சொல்வது, சாதாரணப் பேச்சில் வராத, மூன்று நாலு அசையுள்ள ஒரு பெயரை வைத்துக் கூப்பிடுங்கள் என்று. அப்புறம் "நிறுத்து" என்று எழுதிக் கொடுத்தால் எல்லோரும் அப்படியே வாசிப்பார்கள். வீட்டில் அவர்கள் சொல்வது "நிப்பாட்டு". பாட்டியும் குழந்தையும் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே பதிவு செய்யுங்கள்.

கேமரா வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாமா?

"ஆள் இருக்கிறாரா, இல்லையா" வரைக்கும் சரி. 96-க்கு 96 கறுப்பு வெள்ளைப் படம் 9216 பைட். மொபைல்நெட் என்ற, படங்களுக்கான நியூரல் நெட்வொர்க்கின் மிகச் சிறிய வடிவத்தை வைத்து 250 கே.பி. அளவில் ஆளைக் கண்டுபிடிக்கும் மாடல் இருக்கிறது. 640-க்கு 480 வண்ணப் படம் என்றால் படமே 9,21,600 பைட், சிப்புக்குள் வைக்கக்கூட இடமில்லை.

ஈ.எஸ்.பி.32 கேம் போர்டு அடிக்கடி தானாக ரீஸ்டார்ட் ஆனால் நிரலைச் சந்தேகிக்கும்முன் யு.எஸ்.பி. கேபிளை மாற்றிப் பாருங்கள். மெல்லிய கேபிளில் வோல்டேஜ் இறங்கிவிடும்.

யானை வருகிறதா என்று பார்க்கலாமா என்று கோயம்புத்தூர்ப் பக்கம் தவறாமல் கேட்கிறார்கள். மதுக்கரையில் ரயில் பாதையோரம் 2024-இல் வனத்துறை அமைத்தது, கோபுரங்களில் வெப்பக் கேமராவும் கட்டுப்பாட்டு அறையும் சேர்ந்த பெரிய ஏற்பாடு. ஐந்நூறு ரூபாய் போர்டை நம்பி உயிர் சம்பந்தப்பட்ட முடிவு எடுக்க வேண்டாம். கற்றுக்கொள்ளச் செய்து பாருங்கள், காவலுக்கு வைக்காதீர்கள்.

சாட்ஜிபிடி மாதிரி மாடல் இதில் ஓடுமா?

மைக்ரோகன்ட்ரோலரில் உருப்படியாக ஓடாது. 8 ஜி.பி. உள்ள பை 5-இல் சின்ன மொழி மாடல்கள் ஓடும். வேகத்தை முடிவு செய்வது மெமரிதான். ஒவ்வொரு சொல்துண்டுக்கும் மாடலின் எல்லா எடையையும் ஒரு முறை படித்தாக வேண்டும். 700 கோடி எடையுள்ள மாடலை 4 பிட்டாகச் சுருக்கினால் சுமார் 4 ஜி.பி. பை 5-இன் மெமரி நொடிக்கு அதிகபட்சம் 17 ஜி.பி. தரும். ஆக நொடிக்கு நாலு துண்டு என்பதே எட்டாத உச்சம். தமிழ்ச் சொற்கள் ஆங்கிலத்தைவிடப் பல துண்டாக உடைவதால் நமக்கு இன்னும் மெதுவாகத் தெரியும். 100 கோடி எடை அளவுள்ள மாடலில் தொடங்கினால் பொறுமை மிஞ்சும்.

கரண்ட் போய்ப் போய் வருகிறது. பை அடிக்கடி பூட் ஆகவில்லையே?

எஸ்.டி. கார்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கெடும். லாக் எழுதுவதை ராமுக்கு மாற்றுங்கள், கார்டைப் படிக்க மட்டும் என்று வையுங்கள். 80 டிகிரி தாண்டினால் பை தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், தகரக் கூரை ரூமில் ஃபேன் அவசியம்.

மெஷின் லேர்னிங் வேண்டாத இடம் எது?

நிறைய. தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடுவதைக் கண்டுபிடிக்க மாடல் எதற்கு? தண்ணீர் இழுக்காதபோது மோட்டார் எடுக்கும் ஆம்பியர் இறங்கிவிடும். ஒரு கரண்ட் சென்சாரும், "இதற்குக் கீழே போனால் நிறுத்து" என்ற ஒரு வரியும் போதும். அப்படிப்பட்ட கருவிகள் கடையிலேயே கிடைக்கின்றன. தொட்டி நிரம்பியதா என்பதும் அப்படித்தான்.

ஒரு எண், ஒரு எல்லை என்று சொல்லிவிட முடிந்தால் அதையே செய்யுங்கள். முடியாதபோதும் நேராக நியூரல் நெட்வொர்க்குக்குப் போக வேண்டியதில்லை. ஆடியோமாத் என்ற சின்ன ஒலிப்பதிவுக் கருவி, மூன்று ஏ.ஏ. பேட்டரியில் ஓடுவது, பெலீஸ் நாட்டுக் காட்டில் வேட்டைத் துப்பாக்கிச் சத்தத்தைக் கண்டுபிடிக்கப் பயன்பட்டது. அதில் ஓடியது குறிப்பிட்ட சில அதிர்வெண்களின் பலத்தை மட்டும் பார்க்கும் எளிய புள்ளியியல் முறை. அந்த மாதிரி வேலையைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறைகிறது.

சரி, நான் எதிலிருந்து தொடங்குவது?

முதல் வாரம் மாடலே வேண்டாம். ஒரு போர்டு, ஒரு சென்சார், ஒரு எஸ்.டி. கார்டு. நீங்கள் கேட்க நினைக்கும் பொருள் எங்கே இருக்கிறதோ அங்கேயே கொண்டுபோய் வைத்து எண்களைச் சேமியுங்கள். கூடவே ஒரு நோட்டில் நேரத்தையும் நடந்ததையும் எழுதுங்கள்: 6.10 மோட்டார் போட்டது, 6.40 வோல்டேஜ் குறைவு, 7.05 வால்வு மூடியது. பிறகு எண்களை வரைபடமாகப் போட்டு நோட்டோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணுக்கே வித்தியாசம் தெரிந்தால் சின்ன மாடலுக்கும் தெரியும். தெரியாவிட்டால் சென்சாரின் இடத்தை மாற்றி இன்னொரு வாரம் எடுங்கள். எட்ஜ் இம்பல்ஸ் போல உலாவியிலேயே பயிற்சி செய்யும் தளங்களில் அதை ஏற்றுவது இரண்டாம் வார வேலை.